ப்ரூன்யார்ட் முற்றத்தில் ஒரு மடக்கு மேசை

அம்மா மூன்றாவது முறை அமெரிக்கா வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை ப்ரூன்யார்டுக்குக் கூட்டிப் போனேன். சான் ஹோசேயை ஒட்டிய கேம்பெல் ஊரில், பாஸ்கம் அவென்யூவும் கேம்பெல் அவென்யூவும் சந்திக்கிற மூலையில் இருக்கும் திறந்தவெளி ஷாப்பிங் சென்டர். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஓட்டுக்கூரை, வளைவு வைத்த தாழ்வாரம், செங்கல் பாவிய நடைவழி, தியேட்டர், ட்ரேடர் ஜோஸ், தலைக்கு மேலே அலுவலகக் கோபுரங்கள். ஏசி போட்டு மூடிய மால்களுக்குள் நுழைந்தாலே அம்மாவுக்குத் தலை சுற்றும். இங்கே வானம் தெரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது. "நம்மூர் கடைத்தெரு மாதிரியேதான் இருக்கு. மாடுதான் இல்ல" என்றாள். காபி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கிறாள். உட்காரச் சொன்னேன். "ஏண்டா, இங்க உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

சொல்ல மாட்டாங்கம்மா, எல்லாரும் உட்காரலாம் என்று பதில் சொல்லிவிட்டேன். அம்மாவும் உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதாது என்று சொல்லி, கண்ணில் பட்ட நாய்களையெல்லாம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். என்னால்தான் அந்தக் கேள்வியை விட்டு நகர முடியவில்லை. ஏனென்றால் ஒரு முறை சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்தில் இல்லை, வேறொரு இடத்தில். 2009 ஏப்ரலில்.

அந்த மாதம் எப்படி இருந்தது என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம். இரவெல்லாம் இணையத்தில் வன்னிச் செய்திகளைப் பார்த்துவிட்டுக் காலையில் கண் எரிய வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில், போரை நிறுத்த அழுத்தம் கொடுக்கக் கோரி அதிபருக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அனுப்ப ஒரு மனு தயார் செய்தோம். மூன்று பேர். நான், என் அறை நண்பன், பிறகு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். காஸ்ட்கோவில் வாங்கிய மடக்கு மேசை, கிளிப் வைத்த அட்டை இரண்டு, நான்கு பேனா. கூட்டம் வரும் இடம் வேண்டுமே என்று ஒரு திறந்தவெளி ஷாப்பிங் சென்டருக்குப் போனோம். பெயர் வேண்டாம். பெரிய மளிகைக் கடை வாசலில், தள்ளுவண்டிகள் அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேசையை விரித்தோம். ஒன்றரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. இலங்கை எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு, கேட்காமலே கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அண்ணன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் பேனாவை எடுத்தார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது செக்யூரிட்டி வந்தார்.

வயதானவர். கோபமெல்லாம் இல்லை. இது தனியார் இடம், இதற்கெல்லாம் இங்கே அனுமதி இல்லை, ரோட்டோரம் நடைபாதை இருக்கிறது, அது பொது இடம், அங்கே போய்ச் செய்யுங்கள் என்றார். அவ்வளவுதான். நான் எச்1பி விசாவில் இருந்தேன். விசாவில் இருப்பவனுக்கு எந்தச் சீருடையைப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும், அது மால் செக்யூரிட்டியின் சீருடையாக இருந்தாலும். அண்ணன் முகம் அதைவிட மோசமாக இருந்தது. அவர் பார்த்த சீருடைகள் வேறு. "வேண்டாம் தம்பி, பிரச்சினை வேண்டாம். எடுத்து வைப்பம்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மேசை மடங்கி கார் டிக்கிக்குள் போய்விட்டது. நடைபாதையிலும் போய் நின்று பார்த்தோம். கார்கள் சீறிக்கொண்டு போயின. கால் மணி நேரத்தில் ஒரு ஆள் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டோம். அடுத்த மாதம் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மனுவால் ஒரு குண்டு குறைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை, அன்றும் நம்பவில்லை. உறுத்தியது வேறு. ஏன் அவ்வளவு வேகமாக மடக்கினோம்? அம்மாவைத் திரும்பக் கூட்டிவந்த அன்று இரவு, வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டதைச் செய்தேன். கலிபோர்னியாவில் ஷாப்பிங் சென்டரில் கையெழுத்து வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று தேடினேன். முதலில் வந்து விழுந்த பெயர் ப்ரூன்யார்ட்.

பத்து வருடமாக நான் காபி குடித்துக்கொண்டிருக்கிற ப்ரூன்யார்ட்.

களம்

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ப்ரூன் என்பது ஒரு வகை ப்ளம் பழத்தை உலர வைத்தது. நம்மவர்களுக்கு அதை மலச்சிக்கல் மருந்தாகத்தான் தெரியும். 1850-களில் பெல்லியே என்ற பிரெஞ்சுக் குடும்பம் பிரான்ஸிலிருந்து ஒட்டுக்குச்சிகளைக் கொண்டுவந்து சான் ஹோசேயில் ஒட்டுக் கட்டியதிலிருந்து சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு முழுக்க ப்ரூன் தோட்டமாகிவிட்டது. பழுத்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, சூடான காரக் கரைசலில் முக்கி எடுத்து, மரத்தட்டுகளில் பரப்பி வெயிலில் காயப் போடுவார்கள். நெல் காய வைக்கக் களம் மாதிரி இதற்கும் ஏக்கர் கணக்கில் திறந்த இடம் வேண்டும். கேம்பெல் அப்படிப்பட்ட களங்களும், பழத்தை டின்னில் அடைக்கும் ஆலைகளும் நிறைந்த ஊர். ப்ரூன்யார்ட் என்றால் ப்ரூன் களம். தோட்டத்தை அழித்துக் கடை கட்டியவர்கள் தோட்டத்தின் பெயரையே கடைக்கு வைத்துவிட்டார்கள். நம்மூரில் ஏரியைத் தூர்த்து ஏரிக்கரை நகர் என்று போர்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி.

தோட்டங்கள் எவ்வளவு சீக்கிரம் போயின என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1950-இல் சான் ஹோசேயின் மக்கள்தொகை சுமார் 95,000. 1970-இல் நாலரை லட்சத்தை நெருங்கிவிட்டது. 1950 முதல் 1969 வரை நகர நிர்வாகியாக இருந்த டச் ஹாமன் கண்ணில் பட்ட தோட்டத்தையெல்லாம் நகரத்தோடு சேர்த்துக்கொண்டே போனார். அந்த வாயில் விழாமல் தப்பிக்கத்தான் பக்கத்து ஊர்கள் அவசர அவசரமாகத் தனி நகராட்சி ஆயின. கேம்பெல் 1952-இல் ஆனது. வீடுகள் தோட்டத்துக்குள் போனதும் கடைகளும் பின்னாலேயே போயின. 1956-இல் சான் ஹோசேயின் மேற்கே வேலி ஃபேர் என்ற ஷாப்பிங் சென்டர் திறந்தது. அப்போது அதற்குக் கூரை கிடையாது. அதே வருடம் மினசோட்டாவில் விக்டர் க்ரூன் வடிவமைத்த சவுத்டேல் திறந்தது. முழுக்க மூடி, உள்ளே குளிரும் வெப்பமும் எப்போதும் ஒரே அளவில் இருக்கும்படி கட்டிய மால்களுக்கெல்லாம் அதுதான் தாய். மினசோட்டாக் குளிருக்கு அது தேவை. வருடத்தில் பாதி நாள் மேகமே இல்லாத இந்தப் பள்ளத்தாக்கில் கூரை எதற்கு? 1970-ஐ ஒட்டி வந்த ப்ரூன்யார்டையும் வானத்தைப் பார்க்க விட்டே கட்டினார்கள். பழைய ஸ்பானியப் பாணியில் ஓடு, வளைவு, நடுவில் ஆட்கள் கூடுவதற்கு முற்றம்.

இந்தத் திறந்தவெளிதான் ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறபோது ஒருவர் வீட்டுக்குள் போகிறோம் என்று உடம்புக்குத் தெரிகிறது. இங்கே கதவே இல்லை. தெருவிலிருந்து நடந்து வந்தால் தெரு மாதிரியே தொடர்கிறது. எங்கே ஊர் முடிந்து எங்கே உடைமை தொடங்குகிறது என்பதற்குக் கோடு கிடையாது. அம்மாவுக்கு மட்டும்தான் அந்தக் கோடு தெரிந்தது, பெஞ்சைத் தொடாமல் நின்றாள்.

சனிக்கிழமை மதியம்

1975 நவம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை, யூதர்களுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்ற சியோனிசம் இனவெறியின் ஒரு வடிவம் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 1991-இல் அந்தத் தீர்மானம் ரத்தானது. அது வந்த சமயத்தில் அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் ஒரு சனிக்கிழமை மதியம் ப்ரூன்யார்டுக்கு வந்தார்கள். நடு முற்றத்தின் ஒரு மூலையில் மடக்கு மேசை ஒன்றைப் போட்டார்கள். துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். போவோர் வருவோரிடம் கையெழுத்துக் கேட்டார்கள். மனு அதிபருக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை, வந்தவர்கள் யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டி வந்தார். இது இந்த இடத்தின் விதிகளுக்கு எதிரானது, கிளம்ப வேண்டும் என்றார். வெளி ஓரத்தில் இருக்கும் பொது நடைபாதைக்குப் போகலாமே என்று யோசனையும் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடிவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து அடுத்த வரியைப் படித்தேன். மாணவர்கள் உடனே அங்கிருந்து வெளியேறினார்கள்.

உடனே. நான் வேறு ஏதோ எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. மறுத்து நின்றிருப்பார்கள், தரையில் உட்கார்ந்திருப்பார்கள், போலீஸ் வந்திருக்கும் என்று. அப்படி எதுவும் இல்லை. எங்களைப் போலவே மேசையை மடக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்தானே, பயந்திருப்பார்கள். இத்தனை வருடம் அந்த இரண்டு நிமிடங்களைப் பற்றி எனக்கிருந்த வெட்கம் அந்த இடத்தில் கொஞ்சம் கழன்றது, ஆனால் வேறொன்று வந்து ஒட்டிக்கொண்டது. அவர்கள் போனது வீட்டுக்கு மட்டுமில்லை. பிறகு சாண்டா கிளாரா மாவட்ட நீதிமன்றத்துக்கும் போனார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. விசா, பயம், போர் எல்லாம் காரணம்தான். ஆனாலும் அந்த ஆளிடம் எந்தச் சட்டத்தில் இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடத் தோன்றவில்லை. தனியார் இடம் என்று சொன்னால் வாயை மூடிக்கொள்வது எனக்குள் எந்த வயதில் ஏறியது என்று தெரியவில்லை.

வழக்கு அவர்களுக்குச் சாதகமாகத் தொடங்கவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றார்கள். மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். காற்று அப்போது அந்தத் திசையில்தான் அடித்துக்கொண்டிருந்தது. 1946-இல் அலபாமாவின் சிக்கசா என்ற ஊரில், ஊர் முழுக்க ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தாலும் அதன் தெருவில் நின்று பிரசுரம் கொடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சொந்த லாபத்துக்காக ஊரை உள்ளே அழைக்க அழைக்க உடைமையாளரின் உரிமை சுருங்கும் என்று எழுதியவர் நீதிபதி ஹ்யூகோ பிளாக். 1968-இல் அதே வாதத்தை பென்சில்வேனியாவின் ஒரு ஷாப்பிங் சென்டருக்கு நீட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதை எதிர்த்தவர்களில் பிளாக்கும் ஒருவர். ஊர் வேறு, கடை வேறு என்றார். நான்கே வருடத்தில் அவர் பக்கம் வென்றது. போர்ட்லாந்தின் லாயிட் சென்டரில் வியட்நாம் போருக்கு எதிராகப் பிரசுரம் கொடுத்தவர்களைக் கிளப்பியது சரிதான் என்று 1972-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. லாயிட் சென்டரும் அப்போது திறந்தவெளி மால்தான், கூரை பிறகு வந்தது. 1976-இல் இன்னொரு தீர்ப்பு, 1968 தீர்ப்பு இனிச் செல்லாது என்று கதையையே முடித்துவிட்டது. ப்ரூன்யார்ட் மாணவர்கள் கோர்ட் படி ஏறிய காலம் இது.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வேறு வழி பிடித்தது. மத்திய அரசியல் சாசனம் என்ன சொன்னால் என்ன, எங்கள் மாநிலத்துக்குத் தனியாக ஒரு சாசனம் இருக்கிறதே, பேச்சுரிமைக்கும் மனு கொடுக்கும் உரிமைக்கும் அதில் இன்னும் விரிவான வார்த்தைகள் இருக்கின்றனவே என்றது. ஐந்து வருடம் முன்பு 1974-இல் இதே நீதிமன்றம் எதிர்ப்பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதைத் தானே மாற்றி எழுதியது. 1979-இல் 4-க்கு 3. எழுதியவர் நீதிபதி ஃபிராங்க் நியூமன். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த பகுதி சட்டமே இல்லை. சான் ஹோசேயின் பழைய கடைவீதி எப்படிக் காலியானது, ஜனங்கள் எப்படிப் புறநகர்ப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள் என்று வழக்கில் வைக்கப்பட்ட சாட்சியத்தை நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பேசுகிறவன் ஆள் இருக்கும் இடத்துக்குத்தானே போக முடியும்? கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். நாங்கள் ஒருவருடைய வீட்டைப் பற்றியோ சின்னக் கடையைப் பற்றியோ பேசவில்லை என்று.

உடைமையாளர் ஃபிரெட் சஹாதி விடவில்லை, அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பணம் போட்டுக் கட்டியவர் அவர். பெருக்குகிறவர் சம்பளம் அவர் கொடுப்பது. எந்தக் கட்சிக்கும் எந்தக் கருத்துக்கும் இடமில்லை என்று எல்லாருக்கும் ஒரே விதி வைத்திருந்தார், அதில் பாரபட்சமில்லை என்று தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. என் இடத்தை இன்னொருவன் மேடையாக்குவதற்கு என்னை எப்படிக் கட்டாயப்படுத்தலாம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ராஜபாளையத்தில் எங்கள் தாத்தா வீட்டில் திண்ணை உண்டு. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் உட்காருவார்கள், மதியம் துண்டை விரித்துப் படுப்பார்கள், அரசியலும் பேசுவார்கள். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சிக்காரர்கள் அதையே ஆபீஸ் ஆக்கிக்கொண்டார்கள். தாத்தா வெளியே வந்து, "உக்காருங்க, பேசுங்க, யாரு வேணாம்னா? தூண்ல கொடி மட்டும் கட்டாதீங்க. ஊர்ல நானும் அந்தக் கட்சின்னு நினைச்சுக்கிருவான்" என்றாராம். 1980 ஜூன் 9 அன்று வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதி ரென்குவிஸ்ட் ஏறக்குறைய தாத்தா மாதிரிதான் எழுதியிருக்கிறார். வருகிறவன் போகிறவன் சொல்வதையெல்லாம் கடைக்காரர் கருத்து என்று யாரும் நினைக்கப்போவதில்லை, அப்படிச் சந்தேகம் இருந்தால் இது எங்கள் கருத்தல்ல என்று ஒரு போர்டு வைத்துக்கொள்ளட்டும். எங்கே, எப்போது, எப்படி என்று விதிகளும் போட்டுக்கொள்ளட்டும். மற்றபடி, தன் மக்களுக்குக் கூடுதல் உரிமை தர ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. முடிவில் ஒன்பது பேரும் ஒத்துப்போனார்கள். ரென்குவிஸ்ட் பேச்சுரிமைப் போராளியெல்லாம் இல்லை. மாநிலங்களின் உரிமை என்றால் அவருக்கு உயிர். அந்தக் கதவு வழியாகத்தான் இந்தப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

அந்த மேசைக்கு முன்னால் நான் போயிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பிரசுரத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன்.

நடைபாதையில் ஒரு மணி நேரம்

அந்த மாணவர்களிடம் செக்யூரிட்டி சொன்ன நடைபாதை இன்னும் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பாஸ்கம் அவென்யூ பக்கம், மரநிழல் ஒன்றில் போய் நின்றேன். என்னிடம் மேசையும் இல்லை, மனுவும் இல்லை. சும்மா எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் பதினான்கு பேர். அதில் நான்கு பேர் பஸ்ஸுக்கு வந்தவர்கள். இரண்டு பேர் நாயோடு, ஒருவர் காதில் ஹெட்போனோடு ஓட்டம். மின்சார ஸ்கூட்டரில் போன ஒரு பையனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவன் சிக்னலைத் தாண்டிவிட்டான். ஒருவர் என்னிடம் வந்து, கார் ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கேட்டார். நடைபாதையில் சும்மா நிற்பவனுக்கு இந்த ஊரில் அது ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். உள்ளே முற்றத்துக்குப் போய் எண்ண ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டபோது இந்த இடம் சுமார் 21 ஏக்கர். 5 ஏக்கர் பார்க்கிங், 16 ஏக்கர் நடைவழி, முற்றம், கட்டடங்கள். 65-க்கு மேல் கடைகள், 10 உணவகங்கள், ஒரு தியேட்டர். இந்தக் கணக்கெல்லாம் தீர்ப்பின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. நீதிபதிகள் ஏன் இதை எழுதினார்கள் என்று மரநிழலில் நின்றபோதுதான் புரிந்தது. நான் பார்த்தவரையில் இங்கே இதைப் பற்றி ஒரு பலகையும் இல்லை. காபிக் கடைப் பெண்ணிடம் கேட்டேன், அப்படியா, நிஜமாகவா என்றாள். அமெரிக்காவின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் இந்தப் பெயர் தெரியும், எதிர் மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை.

சட்டம் அதற்குப் பிறகு நேர்க்கோட்டில் போகவில்லை. பெரும்பாலான மாநிலங்கள் கலிபோர்னியா வழியில் வரவில்லை. நியூயார்க் 1985-இல் மறுத்தது, நியூஜெர்சி 1994-இல் ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியாவிலேயே 2007-இல் சான் டியேகோவின் ஃபேஷன் வேலி வழக்கு வந்தது. அதுவும் திறந்தவெளி மால். அதற்குள் இருக்கும் ஒரு கடையைப் புறக்கணியுங்கள் என்றுகூட அங்கே நின்று சொல்லலாம் என்று, மறுபடியும் 4-க்கு 3 என்ற கணக்கில், தீர்ப்பானது. மால்காரர்கள் சளைக்கவில்லை. விதி போட்டுக்கொள்ளலாம் என்று ரென்குவிஸ்டே சொல்லிவிட்டாரே. முன்கூட்டி விண்ணப்பம், குறித்த நாள், குறித்த மூலை. உரிமை இருக்கிறது, படிவத்தை நிரப்பினால்.

டெக்சாஸ் மாநிலம் 2021-இல் பெரிய சமூக வலைத்தளங்கள் ஒருவரின் கண்ணோட்டத்துக்காக அவர் பதிவை நீக்கக்கூடாது என்று சட்டம் போட்டபோது துணைக்கு இழுத்ததும் கேம்பெல் ஊரின் இந்த முற்றத்தைத்தான். உச்ச நீதிமன்றம் 2024-இல் அந்த ஒப்புமையை ஏற்கவில்லை. கடைக்காரர் தன் கருத்தாக எதையும் தொகுத்துக் கொடுக்கவில்லை, வலைத்தளங்கள் கொடுக்கின்றன என்றது. எனக்கு அதில் முழுத் தெளிவு இல்லை. இணையத்தின் நடைபாதை எது என்று யாராவது சொன்னால் தேவலை.

என்னை அப்படியே உட்காரவைத்தது 2012 தீர்ப்பு. ஒரு மளிகைக் கடை வாசலில் தொழிற்சங்கத்தார் நின்ற வழக்கு. ஷாப்பிங் சென்டரில் எல்லா இடமும் பொது மேடை ஆகிவிடாது, ஆட்கள் கூடி உட்கார்ந்து பேசுவதற்கென்று வடிவமைத்து, அதற்கான சாமான்கள் போட்ட இடமாக இருக்க வேண்டும், காருக்கும் கடைக்கும் நடுவில் நடக்கிற வழி அதில் சேராது என்றது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம். அந்தத் தொழிற்சங்கத்தார் வேறு தொழிலாளர் சட்டங்களின் தயவில் தப்பினார்கள். அதாவது, பெஞ்ச் போட்டால் உரிமை பிறக்கிறது. அம்மா உட்காரத் தயங்கின அந்த பெஞ்ச்!

நாங்கள் 2009-இல் மேசை போட்டது மளிகைக் கடை வாசலில். கூட்டம் அங்கேதானே இருக்கும் என்று நான்தான் இடம் பார்த்தேன். அங்கிருந்து இருபது அடி தள்ளி ஒரு நீரூற்றும், அதைச் சுற்றி நான்கு பெஞ்சும் இருந்தன. அண்ணன் முதலில் அங்கே போடலாம் என்றுதான் சொன்னார். நீரூற்றில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், தாள் நனைந்துவிடும் என்று நான் மறுத்துவிட்டேன்.

அண்ணன் இப்போது டொராண்டோவில் இருக்கிறார். போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தத் தண்ணிக்குப் பக்கத்தில போட்டிருந்தா எழுப்பேலாதாமோ?" என்றார். அப்படியும் சொல்ல முடியாது, அப்போதும் விண்ணப்பம் கேட்டிருப்பார்கள் என்றேன். சிரித்தார். பிறகு, "அந்தத் தாளெல்லாம் எங்க தம்பி?" என்று கேட்டார்.

கராஜில் இருந்தது. மேசை எப்போதோ கால் உடைந்து போய்விட்டது, கோப்பு மட்டும் வரி ரசீதுகளுக்கு நடுவில் கிடந்தது. கிளிப் துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக ஒரு கோடு. நான்கு தாள், பக்கத்துக்குப் பதினைந்து வரி என்று நானே அடித்த அட்டவணை. மூன்றாவது தாளில் கடைசி இரண்டு வரி காலி, ஒரே அட்டையில் இரண்டு பேர் எழுத முடியாமல் நான்காவதை எடுத்திருக்கிறோம் போல. அந்த நான்காவது தாளின் முதல் வரிதான் பாட்டியுடையது. பெயர் சாய்ந்த பழங்கால எழுத்தில், அவ்வளவு அழகாக இருக்கிறது. விலாசக் கட்டத்தில் வீட்டு எண் இருக்கிறது. தெருப் பெயரில் மூன்று எழுத்து. மூன்றாவது எழுத்தின் வால் கீழே கொஞ்சம் இழுத்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கையெழுத்துக்கான கட்டம் காலி.